இழுத்து வருகிற வண்டிக்கு நீதான் காவல்

அன்புள்ள மருமகனுக்கு,

உனக்கு லொறி வேலை கிடைத்த செய்தியை உன் அம்மா சொன்னாள். மனம் நிறைந்த சந்தோசம். அடுத்த கிழமை அப்புத்தளைக்கு மேலே தோட்டத்தில் நின்றுபோன ஒரு வானை லொறியில் பூட்டி இழுத்துக்கொண்டு பதுளை கராஜுக்கு வரப் போகிறாயாம். பின்னால் வருகிற வானில் கல் அடிக்காமல் இருக்க என்ன செய்வது என்று மாமாவிடம் கேட்கச் சொன்னாயாம். டெலிபோனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். புறப்படுவதற்கு முன் ஒரு தடவை ஆறுதலாக வாசி.

முதலில் கல் எப்படி வருகிறது என்று விளங்கிக்கொள். லொறி மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது டயரின் விளிம்பும் அச்சைச் சுற்றி அதே வேகத்தில்தான் சுழல்கிறது. டயர் காடியில் அகப்பட்ட கல் கழன்று பறந்தால் பின்னால் பூட்டிய வண்டியை ஏறத்தாழ அந்த 40இல் வந்து அடிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வேகத்தில் தெறிக்கும் கல் லொறிக்குப் பின்னால் ஏறத்தாழ 13 மீற்றருக்குள் விழுந்துவிடும். தானாக ஓடி வருகிற வண்டியென்றால் ட்ரைவர் இருபது முப்பது மீற்றர் விட்டு வந்து தப்பித்துக்கொள்வார். இழுபட்டு வருகிற வண்டிக்கு அந்த வழி கிடையாது. நாலைந்து மீற்றருக்கு அப்பால், கல் வந்து விழுகிற இடத்திலேயே அது வழிநெடுக வந்துகொண்டிருக்கும். விலகவும் முடியாது, பிந்தவும் முடியாது. டயர் உன்னுடையது, வேகமும் உன் கையில். ஆகவே பின்னால் வருகிறதைக் காப்பது முன்னால் போகிறவனின் கடமை. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதைச் செய்கிற வழி.

நம் ஊவா மலைக் கல் லேசுப்பட்டதல்ல. தோட்டத்துப் பாதையில் வெள்ளையாக மின்னிக்கொண்டு கிடப்பது குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் அதற்கு 7. கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.5. இரண்டும் மோதினால் காயப்படுவது கண்ணாடிதான். கச்சான் வீசும் ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறும். அதே காற்றில் கிரவல் பாதை காய்ந்து, மண் புழுதியாகப் பறந்து, கல் தனித்துக் கிடக்கும். ஐப்பசி மழை தொடங்கினால் மிச்ச மண்ணையும் அரித்துக் கல்லின் கூர்முனையை மேலே நிறுத்திவிடும். தார் ரோட்டில் ஏறிவிட்டோம் என்று நிம்மதியாகிவிடாதே. தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டைத் தொடுகிற முனையிலும், புதிதாகச் சல்லி போட்ட இடத்திலும்தான் கல் அதிகம் தெறிக்கும்.

இழுப்பதற்கு முன்னால், அந்த வானை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாமா என்று பார். பழைய கியர் வண்டியென்றால் நியூட்ரலில் போட்டு இழுக்கலாம். ஓட்டோ கியர் வண்டிகள் பலவற்றில் என்ஜின் ஓடினால்தான் கியர்பெட்டிக்குள் எண்ணெய் சுழலும். நிறுத்தி வைத்துத் தூர இழுத்தால் உள்ளே தேய்ந்து கெட்டுப்போகும். பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களை முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். வண்டியோடு வரும் கைநூலில் இது எழுதியிருக்கும். அது 'வேண்டாம்' என்றால் வண்டியை முழுதாக ஏற்றிச் செல்லும் லொறியைக் கூப்பிடச் சொல். கல்லடியிலிருந்து காப்பாற்றிவிட்டு கியர்பெட்டியைக் கெடுத்துக் கொடுப்பதில் என்ன பிரயோசனம்?

இழுக்கலாம் என்றால், கயிற்றை நம்பாதே. இரும்புத் தடி பூட்டு. அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிறது, பதுளை 700 மீற்றருக்கும் கீழே. இறக்கத்தில் கயிறு தொய்ந்தால் வான் உன் முதுகில் வந்து ஏறும். வானில் அனுபவமுள்ள ஒருவர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். என்ஜின் ஓடாததால் பிரேக் மிதி கல்லாக இறுகும், ஸ்டியரிங் கனக்கும் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவை. சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை விடுவித்தாயிற்றா என்று நீயே உன் கையால் ஆட்டிப் பார்.

இனி உன் டயருக்கு வா. லொறியின் பின்சக்கரம் இரட்டை டயர். இரண்டுக்கும் நடுவில் முஷ்டி அளவுக் கல் சிக்கிக்கொண்டு வரும். ஓடும்போது கழன்றால் அதுதான் கண்ணாடியை உடைக்கிற கல். டோர்ச் அடித்து ஒவ்வொரு ஜோடியையும் பார். கம்பியால் நெம்பி எடு. காடியில் பதிந்த சின்னக் கற்களை ஸ்க்ரூ ட்ரைவரால் கிண்டு. தோட்டத்துப் பாதை முடிந்து தார் ரோட்டில் ஏறியவுடன் ஓரமாக நிறுத்தி மறுபடியும் அதையே செய். கிரவலில் பொறுக்கிக்கொண்டு வந்த கல்லெல்லாம் வேகம் கூடியதும்தான் ஒவ்வொன்றாகக் கழலும்.

அடுத்தது சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற மட்கார்ட் ரப்பர். பாதி கிழிந்ததும், காற்றில் மேலே பறக்கிறதும் இருந்தும் இல்லாததுதான். தடித்த ரப்பர், டயரின் முழு அகலத்துக்கும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்க வேண்டும். அதைவிடத் தாழ்த்தினால் பின்னுக்கு எடுக்கும்போது டயரில் சிக்கிப் பிய்ந்துவிடும். அடியில் ஓர் இரும்புப் பட்டையைத் திருகி வை, காற்றுக்குத் தூக்காது. பட்டையின் கூர்முனையை மட்டும் அராவிவிடு.

அமெரிக்காவில் பஸ் அளவு வண்டியையே வீடாக்கி ஊர் சுற்றுகிறவர்கள், பின்னால் ஒரு சிறு காரை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போவார்கள். அவர்களுக்கும் இதே கவலைதான். பெரிய வண்டியின் முழு அகலத்துக்கும் ஒரு ரப்பர் திரை கட்டுவார்கள். இழுக்கும் தடியின் மேல் கெட்டியான தகடோ தடித்த துணியோ பூட்டுவார்கள். அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட இரண்டு விசயம் நமக்கும் உதவும். தகடு செங்குத்தாக நின்றால் அதில் பட்ட கல் திரும்பி வந்து முன்வண்டியின் பின்கண்ணாடியை உடைக்கும். ஆகவே கல் கீழே வழுகி விழும்படி சரிவாக வைக்க வேண்டும். முழு அகலத் திரை கட்டினால் என்ஜின் சூடும் சைலன்சர் சூடும் வெளியேற வழி விட வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் உருகும்.

வானின் முகத்தையும் மூடு. கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்கு போன்ற தடித்த படங்கு கிடைத்தால் போதும். இரண்டு மடிப்பாகப் போட்டு பம்பர், கிரில், பொனட்டின் முன்பாதி வரை இழுத்துக் கட்டு. கட்டுவதற்கு முன் பொனட்டைக் கழுவித் துடை. புழுதியின் மேல் படங்கைப் போட்டால் வழிமுழுக்க அது சாண்ட் பேப்பராகத் தேய்த்து பெயின்ட்டைக் கெடுத்துவிடும். தொய்வாகவும் கட்டாதே, படபடத்து அடிக்கும். ஸ்டியரிங் பிடிக்கிறவரின் பார்வை, விளக்குகள், நம்பர் தகடு மூன்றும் திறந்திருக்கட்டும். என்ஜின் ஓடாத வரை ரேடியேட்டரை மூடுவதால் கெடுதல் இல்லை. கராஜில் என்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் படங்கைக் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனையும் செய்த பிறகும் பெரிய காவல் உன் வலது காலில்தான் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் கல்லின் அடி நான்கு மடங்காகும். 40இல் கண்ணாடியை உடைக்கிற கல், 20இல் கால்வாசி பலத்தோடுதான் வந்து படும். கிரவலில் 15, 20க்கு மேல் போகாதே. ஏற்றத்தில் சக்கரம் சுழன்று வழுகினால் கல் மாரிதான். சின்னக் கியரில் சீராக ஏறு. திடீரென்று பிரேக் போடாதே, திடீரென்று அக்ஸிலேட்டரை மிதிக்காதே. பின்னால் யாராவது அவசரப்பட்டு ஹோர்ன் அடித்தால் அகன்ற இடத்தில் ஒதுங்கி வழி விடு.

ரோட்டில் விழுந்து கிடக்கிற பெரிய கல்லுக்கும் கவனம். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை, 13ஆம் கட்டையில் ஒரு பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து பல உயிர் போனது உனக்கு நினைவிருக்கும். மலையிலிருந்து உருண்டு வந்த பாறை அங்கே ரோட்டைக் குறுக்கியிருந்தது. இழுத்துக்கொண்டு போகும்போது நீ இரண்டு வண்டி நீளம். ஒடுங்கின இடத்தில் எதிரே வண்டி வந்தால் முன்கூட்டியே நின்றுவிடு. உன்னால் பின்னுக்கு எடுக்க முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கல் பட்டுவிட்டால் பதறாதே. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. எடுவார் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1909இல் காப்புரிமை எடுத்த யோசனை அது. அதனால்தான் அது நொறுங்கிக் கொட்டுவதில்லை. சின்னக் கல் பெரும்பாலும் வெளித் தகட்டை மட்டும்தான் குழிக்கும். உடனே அந்தக் குழியின் மேல் சுத்தமான டேப் ஒட்டு. தண்ணீரும் அழுக்கும் புகாமல் இருந்தால் பிசின் ஏற்றிச் சரிபண்ணலாம். பனிக் காலையில் கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றாதே, குழி வெடித்துக் கோடாக ஓடிவிடும். ஓரத்தில் விழுந்த வெடிப்போ, ட்ரைவரின் பார்வைக்கு நேரே இருக்கிறதோ என்றால் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். பெயின்ட் பெயர்ந்து தகடு தெரிந்தால் துடைத்து, காயவிட்டு, பிரைமரும் பெயின்ட்டும் தொட்டுவை. நம் ஊர் ஈரத்தில் துரு பெயின்ட்டுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. டயரின் ஓரத்தில் நசுங்கிய கல் பின்னுக்கு மட்டும் போகாது, பக்கவாட்டிலும் பாயும். வேலைவிட்டுக் கொழுந்துக் கூடையோடு வருகிற பெண்களும், ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகளும் அந்தப் பாதையின் ஓரத்தில்தான் நடக்கிறார்கள். வானுக்குப் படங்கு கட்டலாம். அவர்களின் முகத்துக்கு எதைக் கட்டுவது? காடு வெட்டி, கல் உடைத்து இந்தப் பாதைகளைப் போட்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவர்கள் போட்ட கல் அவர்கள் பேரப்பிள்ளைகள் மேல் உன் டயரால் தெறிக்கக்கூடாது. ஆட்களைக் கண்டால் நடை வேகத்துக்கு இறங்கு. இடமில்லாவிட்டால் நின்று, அவர்கள் கடந்த பிறகு போ. கராஜுக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனால் யாருக்கும் நட்டமில்லை.

பதுளைக்கு வந்து சேர்ந்ததும் சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு வானைச் சுற்றி வந்து பார். புதிதாக ஒரு வடு இருந்தால் அவர் கேட்பதற்கு முன் நீயே காட்டிவிடு. பிறகு எனக்கு ஒரு கோல் எடு. லொறிக்குப் புது ரப்பர் போட வேண்டியிருந்தால் அளவெடுத்துச் சொல்; வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வந்து உன்னோடு சேர்ந்து பூட்டித் தருகிறேன்.

அன்புடன்,
மாமா