உண்டியலும் வாழைமரத் தாளும்

திருப்பதிக்கு அருகில் அமைந்த ஊர் திருச்சானூர். இதற்கு அலர்மேல்மங்காபுரம் என்னும் பெயரும் உண்டு. இங்குள்ள பத்மாவதித் தாயார் கோயிலுக்குப் பல ஊர்களிலிருந்தும் அடியார்கள் வருவர்.

இவ்வூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றில் தந்தை சிங்கப்பூரில் பணிபுரிந்தார். அவர் மாதந்தோறும் வீட்டிற்கு 500 வெள்ளி அனுப்புவார். சிங்கப்பூர் டாலரைத் தமிழர் ‘வெள்ளி’ என்று வழங்குவர்.

ஒருநாள் அவர் தொலைபேசியில், “இம்முறை உண்டியலில் அனுப்பலாமா? கூடுதல் ரூபாய் கிடைக்குமாம்” என்று கேட்டார். அருகிலிருந்த மகள் வியப்படைந்தாள்.

“தாத்தா, கோயில் உண்டியலில் இட்ட பணம் நம் வீட்டிற்கு எப்படி வரும்?” என்றாள்.

தாத்தா சிரித்தார். “உண்டியல் என்னும் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு, அம்மா. முற்காலத்தில் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் நகரத்தார் வணிகம் செய்தனர். பணத்தைச் சுமந்து செல்வதற்கு மாறாக, ஓரூரில் செலுத்திச் சீட்டுப் பெறுவர். வேறூரில் சீட்டைக் காட்டிப் பணம் பெறுவர். அச்சீட்டின் பெயர் உண்டியல். இக்காலத்தில் சிலர் அப்பெயரால் நடத்துவதோ சீட்டும் இல்லாத வாய்மொழி வழி. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. பணம் வராவிடில் எதைக் காட்டிக் கேட்பது?”

பின்னர் அவர் பழைய பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அது பத்து வெள்ளித் தாள். அதில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்தது.

“1942 முதல் 1945 வரை மலாயா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. என் தந்தையார் அங்கே இரப்பர்த் தோட்டத்தில் உழைத்தார். கூலியாகக் கிடைத்தவை இத்தாள்களே. அளவின்றி அச்சிட்டதால் விலைவாசி ஏறிக்கொண்டே போனது. போர் முடிந்ததும் இவை செல்லாதவை ஆயின. அவர் சேர்த்தவை அனைத்தும் வெறுந்தாள்கள் ஆயின. பணத்தின் மதிப்பு தாளில் இல்லை. அதற்குப் பொறுப்பேற்பவரிடம் உள்ளது.”

சிறுமி சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “அப்பா எவ்வாறு அனுப்புவது நல்லது?” என்று கேட்டாள்.

“உரிமம் பெற்ற இரு நிறுவனங்களை ஒப்பிடு. முதல் நிறுவனம் ஒரு வெள்ளிக்கு 60 ரூபாய் தருகிறது. 500 வெள்ளியிலிருந்து 10 வெள்ளியைக் கட்டணமாகக் கழிக்கிறது. இரண்டாவது, ‘கட்டணம் இல்லை’ என்கிறது. ஆனால் வெள்ளிக்கு 58 ரூபாயே தருகிறது. எது நன்று?”

அவள் கணக்கிட்டாள். முதலாவதில் 490 வெள்ளிக்கு 29,400 ரூபாய். இரண்டாவதில் 500 வெள்ளிக்கு 29,000 ரூபாய்.

“கட்டணம் இல்லை என்றவரிடம் நானூறு ரூபாய் குறைகிறதே!”

“ஆம். கட்டணத்தை மட்டும் பார்த்தல் போதாது. மாற்று விகிதத்தையும் பார்த்தல் வேண்டும். இறுதியில் கைக்கு வரும் தொகையே கணக்கு.”

சிறுமி அன்றே தந்தையிடம் இதனைக் கூறினாள். அவரும் உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியே பணம் அனுப்பினார். பற்றுச்சீட்டின் படத்தையும் அனுப்பினார். அவள் அதனை அச்செடுத்து, பழைய பெட்டியில் வாழைமரத் தாளின் அருகே வைத்தாள்.

சொல்லும் பொருளும்

அந்நியச் செலாவணி – வெளிநாட்டுப் பணம்
மாற்று விகிதம் – ஒரு நாட்டுப் பணத்திற்கு ஈடான மற்றொரு நாட்டுப் பணத்தின் அளவு
உரிமம் – அரசு தரும் அனுமதி
பற்றுச்சீட்டு – பணம் பெற்றதற்கான சான்று

பயிற்சி

1. ‘உண்டியல்’ என்னும் சொல் பாடத்தில் எவ்வெப்பொருள்களில் வந்துள்ளது?
2. வாழைமரத் தாள்கள் ஏன் மதிப்பிழந்தன?
3. 800 வெள்ளி அனுப்ப வேண்டும். ஒரு நிறுவனம் 12 வெள்ளி கட்டணம் கழித்து, வெள்ளிக்கு 60 ரூபாய் தருகிறது. மற்றொன்று கட்டணமின்றி 59 ரூபாய் தருகிறது. எது நன்று? கணக்கிட்டு எழுதுக.
4. உம் குடும்பத்தில் வெளியூரில் உழைத்த பெரியவர் ஒருவரிடம், அவர் வீட்டிற்குப் பணம் அனுப்பிய முறையைக் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.