பத்து அடிக்குள்ள ஒரு பாடம்: மினி கார் நமக்குச் சொல்லித் தரும் இன்ஜினியரிங்

மிஸ்டர் பீன் பார்க்காதவங்க நம்ம காலேஜ்ல யாராவது இருக்கீங்களா? இருக்க வாய்ப்பில்லை. அந்த வெளிர்பச்சைக் குட்டிக் கார், கருப்பு பானெட், கதவுக்கு வெளியே மாட்டின பூட்டு எல்லாம் ஞாபகம் இருக்கும். ஒரு எபிசோட்ல கார் கூரை மேல நாற்காலியைக் கட்டி, அதுல உட்கார்ந்தபடியே ஓட்டிக்கிட்டுப் போவாரே, அந்தக் காரோட பேர்தான் மினி.

காமெடிக்காகத் தேடிப் பிடிச்ச பொம்மைக் கார் மாதிரி தெரியும். ஆனா இன்னைக்கு நம்ம ரோட்டுல ஓடுற ஆல்ட்டோ, ஸ்விஃப்ட், ஐ10 எதோட பானெட்டைத் தூக்கிப் பார்த்தாலும் அதுல மினியோட கைரேகை இருக்கும். இன்ஜின் குறுக்குவாட்டுல இருக்கு, முன் சக்கரங்கள்தான் வண்டியை இழுக்குது. இந்த அமைப்பை உலகம் முழுக்கப் பரப்பினதுல மினிக்குப் பெரிய பங்கு இருக்கு. மெக்கானிக்கல் மட்டும் இல்லை, எந்த டிபார்ட்மென்ட் ஆளா இருந்தாலும் இந்தக் கதையைத் தெரிஞ்சு வச்சுக்கலாம்.

ஒரு கால்வாய் மூடினதால பிறந்த கார்

1956 ஜூலையில எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அந்த வருஷக் கடைசியில பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூணும் சேர்ந்து எகிப்து மேல படையெடுத்தாங்க. கால்வாய் அடைபட்டது, எண்ணெய்க் கப்பல்கள் நின்னது. பிரிட்டன்ல 1956 டிசம்பர் முதல் 1957 மே வரைக்கும் பெட்ரோலுக்கு ரேஷன்.

பெரிய கார் வச்சிருந்தவங்க கையைப் பிசைஞ்ச நேரத்துல, ஜெர்மனியில் இருந்து வந்த 'பபிள் கார்'கள் சக்கைப்போடு போட்டுச்சு. இசெட்டா மாதிரியான வண்டிகள். முட்டை வடிவம், ஃபிரிட்ஜ் கதவு மாதிரி முன்பக்கம் திறக்கும், ரெண்டு பேர் உட்காரலாம், பெட்ரோல் கொஞ்சமா குடிக்கும்.

அப்போ பிரிட்டனோட பெரிய கார் நிறுவனம் பிஎம்சி. ஆஸ்டின், மோரிஸ் ரெண்டும் 1952ல இணைஞ்சு உருவானது. நம்ம அம்பாசடரோட மூல வண்டியான மோரிஸ் ஆக்ஸ்போர்டும் இவங்களோடதுதான். அதோட தலைவர் லியனார்ட் லார்டுக்கு பபிள் கார்களைக் கண்டாலே ஆகாது. அதுகளை ரோட்டை விட்டே விரட்டுற மாதிரி, சின்னதா ஆனா முழுமையான ஒரு கார் வேணும்னு முடிவு பண்ணி, அந்த வேலையை அலெக் இஸ்ஸிகோனிஸ்கிட்ட ஒப்படைச்சார்.

கணக்குல மூணு தடவை ஃபெயில்

இஸ்ஸிகோனிஸ் 1906ல ஸ்மிர்னா நகரத்துல பிறந்தவர். இன்னைக்கு அது துருக்கியில இருக்கிற இஸ்மிர். அப்பா கிரேக்க வம்சாவளி, அம்மா ஜெர்மனியோட பவேரியாவைச் சேர்ந்தவங்க. 1922ல அங்கே போர் முற்றினப்போ குடும்பமே ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதாச்சு. வழியிலேயே அப்பா இறந்துட்டார். அம்மாவும் மகனும் அகதிகள் மாதிரி இங்கிலாந்து வந்து சேர்ந்தாங்க.

லண்டன்ல பேட்டர்சி பாலிடெக்னிக்ல இன்ஜினியரிங் படிச்சார். டிராயிங்ல கில்லாடி. கணிதத் தேர்வுல மூணு தடவை ஃபெயில். அரியர் வச்சிருக்கிற நண்பர்கள் இதைப் படிச்சிட்டு உடனே ஸ்டேட்டஸ் போட வேண்டாம். அவர் கணக்கை விட்டுட்டு சும்மா உட்காரலை. கையில கிடைச்ச காகிதத்துல எல்லாம் வரைஞ்சுக்கிட்டே இருந்த ஆள். 1948ல வந்த மோரிஸ் மைனரும் இவர் டிசைன்தான்.

கொடுத்த நிபந்தனைகள்

1957ல ஆரம்பிச்ச இந்த வேலையில சில விஷயங்கள் முதல்லயே பூட்டப்பட்டிருந்தது. காரோட நீளம் சுமார் 10 அடி, அதாவது 3.05 மீட்டர். உள்ளே நாலு பெரியவங்க ஒழுங்கா உட்காரணும். கொஞ்சம் லக்கேஜும் போகணும். இன்ஜின் புதுசா பண்ண முடியாது, பிஎம்சிகிட்ட ஏற்கனவே இருக்கிற 'ஏ சீரீஸ்' நாலு சிலிண்டர் இன்ஜினையே பயன்படுத்தணும்.

இப்போ நீங்களே ஒரு பேப்பர் எடுத்து வரைஞ்சு பாருங்க. அந்தக் காலத்து வழக்கமான காரில் இன்ஜின் நீளவாக்கில் இருக்கும். அதுக்குப் பின்னாடி கியர்பாக்ஸ். அங்கிருந்து ஒரு ப்ரொபெல்லர் ஷாஃப்ட் காருக்கு நடுவுல ஓடி பின் சக்கரத்தைச் சுத்தும். இதை 10 அடிக்குள்ள அடைச்சா மனுஷங்களுக்கு இடமே மிஞ்சாது. இஸ்ஸிகோனிஸ் இதை ஒவ்வொரு முடிச்சா அவிழ்த்தார்.

முதல் முடிச்சு இன்ஜின். அதைக் குறுக்கே திருப்பி வச்சார், முன் சக்கரத்தையே ஓட்ட வச்சார். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் போச்சு, அதுக்கான சுரங்கமும் போச்சு. குறுக்கு இன்ஜின் இவர் கண்டுபிடிச்சது இல்லைங்கிறதையும் சொல்லிடணும். ஜெர்மனியோட டிகேடபிள்யூ 1931லேயே அப்படிப் பண்ணிடுச்சு. ஆனா அது ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். நீளமான நாலு சிலிண்டர் இன்ஜினைத் திருப்பினா அடுத்த முடிச்சு விழும்.

அது கியர்பாக்ஸ். இன்ஜின் நுனியில மாட்டினா காரோட அகலத்துக்குள்ள அடங்கலை. அதனால இன்ஜினுக்கு அடியில, ஆயில் சம்ப்புக்குள்ளேயே கியர்பாக்ஸை வச்சுட்டார். இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். ரேடியேட்டருக்கு முன்னாடி இடம் இல்லாததால அது பக்கவாட்டுக்குப் போச்சு.

மூணாவது, சக்கரம். பெரிய சக்கரம்னா அதை மூடுற வளைவு காருக்குள்ள இடத்தைத் தின்னும். அதனால வெறும் 10 இன்ச் சக்கரம். அதுக்குன்னு டன்லப் தனியா டயர் பண்ணித் தந்தது.

நாலாவது, ஜாயின்ட். முன் சக்கரம் திரும்பவும் வேணும், சுத்தவும் வேணும். நாம லேப்ல பார்த்த சாதாரண யுனிவர்சல் ஜாயின்ட்டை கோணத்துல வச்சுச் சுத்தினா, உள்ளே போற வேகம் ஒரே சீரா இருந்தாலும் வெளியே வர்ற வேகம் ஒவ்வொரு சுற்றுலயும் ஏறி இறங்கும். ஸ்டியரிங் கையில உதறும். இதுக்குத் தீர்வு பந்துகள் வச்ச கான்ஸ்டன்ட் வெலாசிட்டி ஜாயின்ட். தத்துவம் பழசுதான், ஆனா லட்சக்கணக்குல விக்கிற மலிவான காருக்குள்ள அதைக் கொண்டுவந்த பெருமையில மினிக்குப் பங்கு உண்டு.

இத்தனையும் பண்ணினதுல காரோட தரைப்பரப்புல கிட்டத்தட்ட 80 சதவீதம் பயணிகளுக்கும் லக்கேஜுக்கும் கிடைச்சது.

ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர்

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். ஒரு சின்னக் கணக்கு. மினியோட எடை சுமார் 600 கிலோ. 70 கிலோ ஆளுங்க நாலு பேர் ஏறினா 280 கிலோ கூடுது. அதாவது வண்டி எடையில 47 சதவீதம். இதே நாலு பேர் 1500 கிலோ காரில் ஏறினா 19 சதவீதம்தான்.

இப்போ சாதாரண ஸ்டீல் ஸ்பிரிங் போட்டா என்ன ஆகும்? தனியா ஓட்டும்போது மெத்துன்னு இருக்கிற மாதிரி வச்சா, நாலு பேர் ஏறினதும் வண்டி தரையைத் தேய்க்கும். நாலு பேருக்குன்னு வச்சா, தனியா போகும்போது முதுகெலும்பு கழன்டுடும்.

அலெக்ஸ் மோல்ட்டன்ங்கிற இன்ஜினியர் இதுக்கு ரப்பர் கூம்பைக் கொண்டுவந்தார். அதை அமுக்க அமுக்க இன்னும் இறுகிக்கிட்டே போகும். லோடு கம்மின்னா மிருது, லோடு கூடினா கெட்டி. அதோட, இடமும் ரொம்பக் கொஞ்சம்தான் எடுக்கும். சக்கரங்கள் நாலு மூலையிலயும், ஈர்ப்பு மையம் கீழேயும் இருந்ததால வளைவுல வண்டி சாயாம கோ-கார்ட் மாதிரி ஒட்டிக்கிட்டுப் போச்சு. வசதிக்குன்னு பண்ணினது கடைசியில விளையாட்டுக் குணமா மாறிடுச்சு.

பார்க்க வந்தவங்க, வாங்க வந்தவங்க

முதல் மாதிரி வண்டிகள்ல 948 சிசி இன்ஜின் இருந்தது. வேகம் மணிக்கு 145 கிலோமீட்டரைத் தொட்டதால, சாதாரண ஆளுக்கு இது அதிகம்னு 848 சிசியாக் குறைச்சாங்க. 34 குதிரைத்திறன், வேகம் சுமார் 116. 1959 ஆகஸ்ட் 26ல ஆஸ்டின் செவன், மோரிஸ் மினி-மைனர்னு ரெண்டு பேர்ல வெளியானது. விலை 497 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

ஜான் கூப்பர் ஃபார்முலா 1 அணி நடத்தினவர், 1959லயும் 1960லயும் அவரோட அணிதான் உலக சாம்பியன். அவர் மினியைப் பார்த்ததும் இது ரேஸ் வண்டின்னு சொல்லிட்டார். 1961ல 997 சிசி, 55 குதிரைத்திறன், முன்னாடி டிஸ்க் பிரேக்கோட மினி கூப்பர் வந்தது. 1964ல பேடி ஹாப்கர்க் இந்தக் குட்டி வண்டியில மான்டி கார்லோ ராலியை ஜெயிச்சார். 1965லயும் மினிதான். 1966ல முதல் மூணு இடத்திலயும் மினி வந்தது, ஆனா ஹெட்லைட் பல்ப் விதிப்படி இல்லைன்னு மூணையும் தகுதிநீக்கம் பண்ணிட்டாங்க. 1967ல திரும்பப் போய் ஜெயிச்சுட்டு வந்தாங்க.

பீட்டில்ஸ் நாலு பேரும் மினி வச்சிருந்தாங்க. மேரி குவான்ட் தன்னோட குட்டைப் பாவாடைக்கு 'மினி'ன்னு பேர் வச்சதே இந்தக் கார் மேல இருந்த பிரியத்தாலதான். 1969ல வந்த 'தி இட்டாலியன் ஜாப்' படத்துல தங்கத்தைத் தூக்கிக்கிட்டு டூரின் நகரப் படிக்கட்டுல இறங்கி ஓடுறதும் மினிதான். கோடீஸ்வரரும் ஓட்டினார், நர்ஸும் ஓட்டினாங்க. கார் அந்தஸ்தைக் காட்டின ஒரு நாட்டுல, பார்த்ததும் ஆளோட வசதியைச் சொல்ல முடியாத கார் இது.

இப்போ கசப்பான பகுதி

நம்ம பாடப்புத்தகம் பெரும்பாலும் இதோட நிறுத்திடும். நாம நிறுத்த வேண்டாம்.

ஆரம்ப கால மினியில மழை பெய்தா தரைக்குள்ள தண்ணி வரும். தரைத் தகடுகளை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வெல்டு பண்ணின திசை தப்பா இருந்ததுதான் காரணம். டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேர் பின்னாடி இருந்ததால மழையில நனைஞ்சு இன்ஜின் நின்னுடும். ஒரே ஆயிலை கியர் பற்கள் அரைச்சுக்கிட்டே இருந்ததால ஆயிலுக்கு ஆயுசும் கம்மி.

இதை விடப் பெருசு பணம். ஃபோர்டு ஒரு மினியை வாங்கி நட்டு போல்ட்டு வரைக்கும் பிரிச்சு, ஒவ்வொரு காருக்கும் பிஎம்சி சுமார் 30 பவுண்டு நஷ்டப்படுதுன்னு கணக்குப் போட்டதாச் சொல்வாங்க. பிஎம்சி இதை ஏத்துக்கலை. வாதம் எப்படி இருந்தாலும், லட்சக்கணக்குல வித்த காருக்கு ஏத்த லாபம் கம்பெனிக்கு வரலைங்கிறது உண்மை. 1968ல பிரிட்டிஷ் லேலண்டுக்குள்ள கரைஞ்சு, 1975ல அரசாங்கம் கையில எடுக்க வேண்டிய நிலைமை வந்தது. பல ஆயிரம் தொழிலாளர்களோட வாழ்க்கை இதுல அடங்கியிருந்தது.

கியர்பாக்ஸ் விஷயத்திலயும் உலகம் மினியைக் காப்பியடிக்கலை. ஃபியட்டோட டான்டே ஜியகோசா, 1964ல ஆட்டோபியாங்கி ப்ரிமுலாவுல கியர்பாக்ஸை இன்ஜின் பக்கத்துலயே வச்சு, நீளம் வேற வேறயான ரெண்டு டிரைவ் ஷாஃப்ட் போட்டுச் சமாளிச்சார். தனி ஆயில், ரிப்பேர் சுலபம், தயாரிப்பும் மலிவு. இன்னைக்கு நம்ம ரோட்டுல ஓடுற பெரும்பாலான சின்னக் கார்கள் அந்த வழியைத்தான் பின்பற்றுது. கேள்வியை மினி கேட்டுச்சு, நிலைச்ச பதிலை ஃபியட் எழுதுச்சு.

பழைய மினி 2000 அக்டோபர் வரைக்கும் தயாராச்சு. மொத்தம் சுமார் 53.8 லட்சம் கார்கள். பேர் பிஎம்டபிள்யூ கைக்குப் போய், 2001ல புது மினி ஆக்ஸ்போர்டுல இருந்து வந்தது. 2013ல மினி கன்ட்ரிமேன் மாடலை பிஎம்டபிள்யூ நம்ம சென்னை ஆலையிலேயே அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சது. ஆனா இது 10 அடிக் கார் இல்லை, விலையும் சாமானியனுக்கு இல்லை.

நமக்கு என்ன?

ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு டைட்டில் தேடிக்கிட்டு இருக்கிற ஜூனியர்ஸ், ஒரு வேலை பண்ணிப் பாருங்க. டைட்டிலுக்கு முன்னாடி நிபந்தனையை எழுதுங்க. எவ்வளவு இடம், எவ்வளவு எடை, கையில ஏற்கனவே என்ன இருக்கு, யாருக்காகப் பண்றோம். மினி அந்த நாலு வரியில இருந்துதான் வந்தது.

அதுக்குக் கீழேயே அஞ்சாவது வரியா, ஒரு பீஸ் பண்ண என்ன செலவு, கெட்டுப்போனா யார் எப்படிப் பிரிச்சு சரி பண்ணுவாங்கன்னும் எழுதுங்க. பிஎம்சி அந்த வரியில கோட்டை விட்டது. ரிவ்யூவுல இந்தக் கேள்வியை யாரும் கேட்காம போகலாம், ஆனா வேலைக்குப் போன முதல் மாசமே கேட்பாங்க.

அடுத்த தடவை உங்க தெரு மெக்கானிக் ஷெட்ல ஒரு சின்னக் காரோட பானெட் திறந்திருந்தா, ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க. இன்ஜின் எந்தப் பக்கம் பார்த்திருக்கு, கியர்பாக்ஸ் எங்கே இருக்கு, ரெண்டு டிரைவ் ஷாஃப்ட்டும் ஒரே நீளமான்னு அண்ணன்கிட்டயே கேளுங்க. சந்தோஷமாச் சொல்லித் தருவார்.