நடந்தால் வலி, நின்றால் நலம்

எங்கள் பெரியப்பாவுக்குச் சுவரொட்டி பார்க்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரில் கேலி பேசினார்கள். வீட்டிலிருந்து தறிப்பட்டறைக்குப் போகும் வழியில் நான்காவது மின்கம்பம் வந்ததும் நின்றுவிடுவார். எதிர்ச் சுவரில் இருக்கும் சினிமா விளம்பரத்தையோ கண்ணீர் அஞ்சலியையோ உற்றுப் பார்ப்பார். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மீண்டும் நடப்பார். மறுபடி நான்கு கம்பம். மறுபடி ஒரு சுவரொட்டி. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

உண்மையில் அவருக்குக் கெண்டைக்காலில் வலி. நடந்தால் கயிற்றைக் கட்டி முறுக்கினாற்போல் வலிக்கும்; நின்றால் விட்டுவிடும். வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்தார். இப்படி நிற்பவர்கள் உலகெங்கும் உண்டு போலும். ஜெர்மன் மொழியில் இதற்கு ‘கடைச் சன்னல் நோய்’ என்று பொருள்படும் ஒரு பெயரே வழங்குகிறது. அங்கே கடைக் கண்ணாடி, இங்கே சுவரொட்டி; அவ்வளவுதான் வேறுபாடு.

இந்நோயை மருத்துவ உலகம் முதலில் தெளிவாக அறிந்தது மனிதனிடத்தில் அன்று, குதிரையினிடத்தில் என்பது வியப்பான செய்தி. 1831ஆம் ஆண்டில் பூலே என்னும் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர், ஓடும்போது நொண்டி, நின்றால் சரியாகிவிடும் குதிரையைப் பற்றி எழுதினார். அதன் காலுக்குச் செல்லும் தமனி அடைபட்டிருந்தது. 1858இல் ஷார்க்கோ என்ற புகழ்பெற்ற மருத்துவர் இதே நோயை மனிதனிடம் கண்டு விளக்கினார். இன்றும் வழங்கும் ‘கிளாடிகேஷன்’ என்னும் பெயர், நொண்டுதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாகும்.

காலுக்குச் செல்லும் இரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகுவதே இதற்குக் காரணம். புகையிலை, சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மிகுந்த கொலஸ்டிரால், முதுமை ஆகியவை இதை விரைவுபடுத்துகின்றன. பெரியப்பாவிடம் இருந்தது முப்பதாண்டு பீடி.

இயற்பியல் மாணவ நண்பர்களுக்கு முதலாண்டில் செய்த ஒரு சோதனை நினைவிருக்கலாம். நுண்புழைக் குழாய் வழியே சொட்டும் நீரை முகவையில் பிடித்து, நீரின் பாகியல் எண்ணைக் காணும் சோதனை அது. குழாயின் ஆரத்தை நகரும் நுண்ணோக்கியில் மூன்று முறையாவது அளக்கச் சொல்வார்கள். ஏனெனில், பாயும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆரத்தில் ஒரு சதவீதம் பிழை நேர்ந்தால் விடையில் நான்கு சதவீதம் பிழை வரும். இந்த விதியைத் தந்த பாய்சொய் ஒரு மருத்துவர் என்பதை நான் அப்போது அறியவில்லை. சிறு குழாய்களில் இரத்தம் எப்படிப் பாய்கிறது என்று அறியவே அவர் 1838 முதல் கண்ணாடிக் குழாய்களில் நீரைப் பாய்ச்சிப் பார்த்தார்.

பெரியப்பாவின் காலை இந்த விதியோடு பொருத்திப் பார்த்தால் விளங்கும். ஆரம் பாதியானால் பாய்ச்சல் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிறது. (இரத்தம் நீரைப் போன்றதன்று, தமனியும் கண்ணாடிக் குழாயன்று, அடைப்பும் குழாய் நெடுக இருப்பதில்லை. ஆகவே இதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.) உட்கார்ந்திருக்கையில் சதைக்குச் சிறிதளவு இரத்தமே போதும். நடக்கும்போது பல மடங்கு வேண்டும். குறுகிய வழி அதைத் தர இயலாதபோது சதை பட்டினி கிடந்து வலிக்கிறது. நின்றால் தேவை குறைகிறது, வலியும் நீங்குகிறது.

இதையெல்லாம் அறியாமல் ஓராண்டு வீணாயிற்று. பக்கத்து மருந்துக் கடையில் வலி மாத்திரை கொடுத்தார்கள். சத்து ஊசியும் போட்டார்கள். வலி மாத்திரை வழியை அகலப்படுத்தாது. நாட்கணக்கில் உண்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வயிறு எரிந்ததற்கு ஒமெப்ரசோல் என்று இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கடைசியில் நான்தான் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். வீட்டில் சீட்டுப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மருத்துவர் செய்த சோதனை எளிமையானது. கையில் இரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு ஒலியால் நாடியைக் காட்டும் ஒரு சிறு கருவியை வைத்துக் கணுக்காலிலும் பார்த்தார். கையில் 136, வலக் கணுக்காலில் 84. காலின் அளவைக் கையின் அளவால் வகுத்தால் 0.62. நலமான காலில் இது ஒன்றை ஒட்டியோ சற்று மேலோ இருக்கும், 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு உண்டு என்று பொருள். சர்க்கரை நோயாளிகள் சிலருக்குத் தமனி சுண்ணாம்பேறி இறுகிவிடுவதால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டுவதும் உண்டு.

மூன்று மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்: ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம், சிலோஸ்டசால் 100 மில்லிகிராம் இருவேளை. பீடியை விடச் சொன்னார், நடக்கச் சொன்னார். நடந்தால் வலிக்கிறது என்று வந்தவரிடம் நடக்கச் சொன்னது பெரியப்பாவுக்கு வேடிக்கையாக இருந்தது.

பத்து நாள் சென்றது. “ஏங்கண்ணு, இத்தனை மாத்திரை தின்னா உடம்பு சூடாயிரும். இதுல எதை நிறுத்தலாம், நீ படிச்ச பொண்ணு, சொல்லு” என்றார். நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிலோஸ்டசால் கால்வலிக்கு என்று மருத்துவர் சொன்னது நினைவில் இருந்தது. ஆஸ்பிரின் தலைவலிக்கு, மற்றது கொழுப்புக்கு என்று நானாக எண்ணிக்கொண்டு, “கால் மாத்திரையை மட்டும் விடாதீங்க பெரியப்பா, மத்ததை அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டேன். அவர் என் சொல்லை மருத்துவர் சொல்லாகவே எடுத்துக்கொண்டார்.

மறுமுறை சென்றபோது மருத்துவர் மீதி மாத்திரைகளை எண்ணிப் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “காலுக்காக மட்டும் நான் மருந்து எழுதவில்லையம்மா. காலில் அடைத்தவருக்கு இதயத்திலும் மூளையிலும் அடைப்பு வரும் ஆபத்து மற்றவரைவிட மிகுதி. நீ நிறுத்தியது அதைத் தடுக்கும் மருந்தை” என்றார். அன்று மாலை பேருந்தில் நான் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகே இந்த மருந்துகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

ஆஸ்பிரின் இங்கே வலி நீக்கியாகத் தரப்படுவதில்லை. இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதற்குத் துணை செய்யும் நொதியொன்றை அது நிலையாக முடக்கிவிடுகிறது. தட்டுகளுக்கு உட்கரு இல்லை. ஆதலால் புதிய நொதியை ஆக்கிக்கொள்ள வழியில்லை. அந்தத் தட்டு வாழும் ஏழு முதல் பத்து நாட்கள் வரை அது செயலிழந்ததுதான். சிற்றளவே போதுமானதாக இருப்பது இதனால்தான். ஆஸ்பிரின் வேலை செய்யும் வகையை ஜான் வேன் 1971இல் விளக்கினார். 1982இல் நோபல் பரிசு பெற்றார். ஆஸ்பிரினுக்குப் பதிலாகக் குளோபிடோகிரல் தருவதும் உண்டு. இவற்றால் இரத்தக் கசிவு நேரலாம் என்பதால், மலம் கறுத்துப் போனால் உடனே சொல்ல வேண்டும்.

ஸ்டாட்டின் வகை மருந்துகளின் மூலத்தை 1970களில் ஜப்பானியரான அகிரா எண்டோ, பெனிசிலியம் இனப் பூஞ்சை ஒன்றில் கண்டார். கல்லீரல் கொலஸ்டிராலை ஆக்குவதை இவை குறைக்கின்றன. குழாய்ச் சுவரில் படிந்திருப்பது வெடித்துக் கட்டியாகாமல் காப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. நம் விதியின்படி சொன்னால், ஆரம் மேலும் குறையாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து இது. உண்பவருக்கோ எதுவும் தெரியாது. நடை கூடாது, வலி குறையாது. பெரியப்பாவுக்கும் எனக்கும் அது வேண்டாத மாத்திரையாகத் தோன்றியது இந்தக் காரணத்தினால்தான்.

இனி நடையைக் கூட்டும் மருந்துக்கு வருவோம். முதலில் வந்தது பென்டாக்சிஃபைலின். அமெரிக்காவில் 1984இல் ஏற்கப்பட்டது. காப்பியில் உள்ள கஃபீனுக்கு உறவான பொருள் இது. சிவப்பணுக்களை நெகிழச் செய்து இரத்தத்தின் பாகுத்தன்மையைக் குறைக்கும் என்றார்கள். பாகியல் எண்ணில் பத்து சதவீதம் குறைந்தால் பாய்ச்சல் கூடுவது பதினொரு சதவீத அளவே. ஆரத்தைப் போல இங்கே நான்காம் அடுக்கு இல்லை. ஆகவே பெரும் பயனை எதிர்பார்ப்பதற்கில்லை என்பது என் கணக்கு. 2000இல் வெளியான ஓர் ஆய்வில் 698 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி 24 வாரம் பார்த்தார்கள். சிலோஸ்டசால் உண்டவர்களின் நடைதூரம் சராசரியாக 107 மீட்டர் கூடியது. பென்டாக்சிஃபைலின் உண்டவர்களுக்கு 64 மீட்டர். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை உண்டவர்களுக்கு 65 மீட்டர்!

சிலோஸ்டசால் 1988இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1999இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. உயிரணுவுக்குள் இருக்கும் சுழல் ஏ.எம்.பி. என்னும் செய்திப் பொருளைச் சிதைக்கும் நொதியை இது தடுக்கிறது. அப்பொருள் மிகுவதால் தட்டுகள் எளிதில் ஒட்டுவதில்லை. குழாய்ச் சுவரின் தசையும் தளர்கிறது. ஆனால், குழாயைத் தளர்த்துவதால் மட்டுமே நடை கூடுகிறது என்று சொல்லிவிட முடியாது. பட்டினிச் சதையின் சிறு குழாய்கள் ஏற்கெனவே திறந்தே கிடக்கின்றன. வெறுமே குழாயை விரிக்கும் பழைய மருந்துகள் இந்நோயில் தோற்றுப்போயின. அடைப்பைக் கரைக்கும் ஆற்றலும் இம்மருந்துக்கு இல்லை.

இதை எல்லோருக்கும் தந்துவிட முடியாது. இதயம் பலவீனமடைந்து மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அறவே கூடாது. இதே நொதியைத் தடுக்கும் மில்ரினோன் மாத்திரையை இதயச் செயலிழப்புக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இறப்பு மிகுந்தது என்று 1991இல் தெரியவந்தது. எனவேதான் பெரியப்பாவுக்கு முதலில் இதய எக்கோ எடுத்தார்கள். அதுவரை மாத்திரை தரவில்லை. உணவுக்கு அரை மணி முன்போ இரண்டு மணி பின்போ உண்ண வேண்டும். தலைவலி, வயிற்றுப்போக்கு, படபடப்பு ஆகியவை தொல்லைகள். ஒமெப்ரசோலோடு சேர்ந்தால் இதன் அளவு உடலில் கூடிவிடும். வயிற்று மாத்திரையையும் பெரியப்பா பையில் வைத்திருப்பதை இரண்டாம் முறைதான் மருத்துவர் கண்டார். அதை நிறுத்தி வேறொன்று எழுதினார். உண்ணும் மாத்திரை அத்தனையையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. நாங்கள் முதல்முறை காட்டவில்லை. பயன் தெரிய இரண்டு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம்.

நடைப் பயிற்சிக்கு இம்மருந்துக்கு ஈடான மதிப்பு உண்டு. முறை இதுதான்: வலி ஓரளவு வரும்வரை நடக்க வேண்டும், நின்று ஆற வேண்டும், மீண்டும் நடக்க வேண்டும், இப்படி முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம், வாரத்துக்கு மூன்று நாளாவது, பன்னிரண்டு வாரம். சதை கிடைக்கும் இரத்தத்தைக் கொண்டு சிக்கனமாக வேலை செய்யப் பழகிவிடுகிறது.

இத்தனைக்கும் மீறி, ஓய்விலேயே கால் வலித்தாலோ, இரவில் கட்டிலுக்குக் கீழே காலைத் தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது என்றாலோ, விரல் கறுத்தாலோ, புண் ஆறாவிட்டாலோ மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக்கூடாது. கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு மரத்துப்போனால் மணிக்கணக்கில்தான் அவகாசம். ஆறு மணி நேரத்துக்குள் வழி திறக்காவிட்டால் காலையே இழக்க நேரிடலாம்.

பெரியப்பா இப்போது மூன்று மாத்திரையும் உண்கிறார். எதற்கு எது என்று அட்டையில் சிவப்பு, பச்சை, நீல மையால் புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறேன். பீடி நாளொன்றுக்கு ஒரு கட்டாக இருந்தது, இரண்டு மூன்றாகக் குறைந்திருக்கிறது. அதையும் என் கண் படாமல் பிடிக்கிறார். மாலையில் நானும் கூட நடக்கிறேன். கம்பத்துக்குக் கம்பம் நாற்பது தப்படி, ஏறக்குறைய முப்பது மீட்டர். நான்கு மாதத்தில் நான்காவது கம்பம் ஏழாவது கம்பமாகியிருக்கிறது. அவருக்கு ஒரே ஒரு குறைதான். ஏழாவது கம்பத்துக்கு எதிரே சுவர் இல்லை, வேலிதான் இருக்கிறது. அங்கே நின்று எதைப் படிப்பது என்று கேட்கிறார்.