டயலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

சட்டைக் கைக்குள் அடங்கும் ஆட்டோமேட்டிக் வாட்ச் வேண்டும், மினுக்கு எதுவும் இருக்கக் கூடாது என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ஜெர்மன் வாட்ச்களில் வந்து நிற்பார்கள்: யுங்ஹான்ஸ் மாக்ஸ் பில், நோமோஸ் டாங்கென்டே நியோமாட்டிக். நானும் அங்கேதான் வந்து நின்றேன். இரண்டாவதன் விலை முதலாவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

படத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம்: வெளிர் டயல், மெல்லிய முள், கறுப்புத் தோல் ஸ்ட்ராப். வந்த வழிதான் வேறு. முதல் வாட்சுக்குப் பெயர் தந்த மாக்ஸ் பில் சுவிட்சர்லாந்துக்காரர். டெஸ்ஸாவ் பௌஹவுஸ் பள்ளியில் படித்தவர். 1956இல் யுங்ஹான்ஸுக்காக ஒரு சமையலறைக் கடிகாரம் வடிவமைத்தார்; கைக்கடிகாரங்கள் 1961இல் வந்தன. அடுப்படியிலிருந்து ஏறிட்டுப் பார்த்தாலே மணி தெரியவேண்டும் என்ற அக்கறை அந்த டயலில் இன்றும் இருக்கிறது. நோமோஸ், பெர்லின் சுவர் விழுந்த கையோடு 1990இல் கிளாஸ்ஹூட்டே ஊரில் தொடங்கிய நிறுவனம். டாங்கென்டேயை சுசான்னெ குந்தர் வடிவமைத்தார். 1992இல் விற்பனைக்கு வந்தது. ஒன்றுவிட்டு ஒன்றாக எண்கள், ஆறு மணி இடத்தில் குட்டி நொடி வட்டம், சூடேற்றி நீலமாக்கிய முட்கள். அழகில் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் அலங்காரமில்லாத வாட்சில் டயலை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். டாங்கென்டே 7 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். உள்ளே ஓடும் இயந்திரமே 3.2 மில்லிமீட்டர்தான். ஆட்டோமேட்டிக்கில் இந்த மெலிவு சாதாரண வேலையல்ல. சட்டைக் கைக்குள் போனது தெரியாமல் போய்விடும். மாக்ஸ் பில் சுமார் 10 மில்லிமீட்டர். அதிலும் கணிசமான பங்கு மேலே குமிழும் கண்ணாடிக்கு. ஓரத்தில் மெலிந்திருப்பதால் அந்த உயரம் உறுத்துவதில்லை.

அகலத்தில் கணக்கு தலைகீழாகிறது. நான் கட்டிப் பார்த்த டாங்கென்டே 35 மில்லிமீட்டர், மாக்ஸ் பில் 38. சின்னது என் ஒல்லி மணிக்கட்டுக்குப் பொருந்தும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் டாங்கென்டேயில் ஸ்ட்ராப் மாட்டும் கால்கள் நீளமாக, விறைப்பாக நீண்டு, மணிக்கட்டின் விளிம்பைத் தொட்டன. மாக்ஸ் பில்லின் கால்கள் குட்டையாக வளைந்து கையோடு படிந்தன. விளம்பரத்தில் அச்சிடும் விட்டத்தை நம்பாதீர்கள். ஒரு காலின் நுனியிலிருந்து எதிர்க்காலின் நுனிவரை எவ்வளவு என்று கேளுங்கள்.

ஓட்ட இருப்பு, அதாவது கழற்றி வைத்தபின் ஓடும் நேரம், 38 மணியா, 43 மணியா என்பதில் நேரம் செலவழிக்க வேண்டாம். வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலை இரண்டும் நின்றுதான் இருக்கும்.

கண்ணாடியும் பழுதும் அப்படியல்ல. நான் பார்த்த மாக்ஸ் பில்லுக்கு பிளெக்சி கண்ணாடி (இப்போது சஃபையர் போட்டவையும் வருகின்றன). கதவு நிலையில் இடித்தால் கீறும், ஆனால் லேசான கீறலைப் பாலிஷ் பேஸ்ட் போட்டுத் தேய்த்துப் போக்கிவிடலாம். டாங்கென்டேயின் சஃபையர் எளிதில் கீறாது. மாக்ஸ் பில்லுக்குள் இருப்பது உலகெங்கும் புழங்கும் சுவிஸ் அடிப்படை இயந்திரம். கைதேர்ந்த வாட்ச் ரிப்பேர்காரர் எவரும் கழற்றிப் பூட்டுவார். நோமோஸ் இயந்திரம் அவர்களுடைய சொந்தத் தயாரிப்பு. அதைச் செய்து முடித்த திறமைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் சர்வீஸுக்கு அவர்களையோ அவர்கள் அங்கீகரித்த இடத்தையோதான் நம்பியிருக்க வேண்டும். ஜெர்மனியில் வசிப்பவருக்கு அது பொருட்டல்ல. சென்னையில் கட்டப்போகிறவர் யோசித்தே ஆகவேண்டும்.

நான் மாக்ஸ் பில்லை வாங்கினேன். கைக்குப் படிந்ததுதான் முதல் காரணம், சர்வீஸ் இரண்டாவது. அகன்ற மணிக்கட்டு உள்ள நண்பர் கேட்டால் தயங்காமல் டாங்கென்டேயைச் சொல்வேன்.

எதுவானாலும் கடைக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். பொத்தானைப் பூட்டி, கையை மடக்கி நீட்டிப் பாருங்கள். வியர்க்கும் ஊர் என்றால், தோல் ஸ்ட்ராப் கெட்டால் மாற்ற கூடுதலாக ஒன்றை அப்போதே எடுத்து வையுங்கள்.