நகையும் அழுகையும்

மெய்ப்பாடுகள் எட்டு என்பர் தொல்காப்பியர். அவற்றுள் நகையை முதற்கண்ணும் அழுகையை அதனை அடுத்தும் வைத்தார். இவ்விரண்டும் அணித்தே நிற்பவை என்பதனை நடிகை மனோரமா அம்மையாரின் வாழ்க்கை நன்கு விளக்கும்.

1937ஆம் ஆண்டில் மன்னார்குடியில் பிறந்த இவர்தம் இயற்பெயர் கோபிசாந்தா. இளமையிலேயே தந்தையின் ஆதரவை இழந்தார். தாயார் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறர் இல்லங்களில் பணிபுரிந்து மகளை வளர்த்தார். வறுமையே பன்னிரண்டு அகவைச் சிறுமியை நாடக மேடையில் ஏற்றியது. பின்னர்க் கணவரும் கைவிட, கைக்குழந்தையுடன் தனித்து நின்றார், ஆயினும் மனந்தளர்ந்தாரல்லர். நடித்தே தாயையும் மகனையும் காத்தார்.

மேடையில் தலைவியாக நடித்துவந்த இவரைக் கவிஞர் கண்ணதாசன், 'மாலையிட்ட மங்கை' (1958) என்னும் திரைப்படத்தில் நகைச்சுவை வேடம் ஏற்குமாறு அழைத்தார். அம்மையார் தயங்கினார். தலைவியர் சில ஆண்டுகளில் மறக்கப்படுவர் என்றும், நகைச்சுவை நடிப்பே நெடிது நிலைக்கும் என்றும் கவிஞர் தேற்றினார். அம்மொழியை அம்மையார் பிற்காலத்தும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

அம்மொழி பொய்க்கவில்லை. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் ஜில் ஜில் ரமாமணியாகத் தோன்றி, நகைப்பினூடே ஒரு பெண்ணுள்ளத்தின் ஏக்கத்தையும் புலப்படுத்தினார். ஆயிரத்திற்கு மேற்பட்ட படங்களில் நடித்தார். 2002இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மக்கள் அவரை 'ஆச்சி' என்று உறவுமுறை கூறி அழைத்தனர். 2015இல் அவர் மறைந்தார்.

தம் உயர்வுக்கெல்லாம் தாயே காரணம் என்பது அவர் பன்முறை கூறியது. பிறரை நகைப்பித்தல் எளிய தொழிலன்று. தம் துயரைத் தம்முள் அடக்கிப் பிறர் துயரை ஆற்றுவார்க்கே அது கைகூடும்.