பழத்தட்டுக்குப் பக்கத்தில் பூஜாடி வேண்டாம்

ஜாடியில் வைத்த ரோஜா மறுநாளே உதிர்ந்தால் வைத்தவளைத்தான் பேசுவார்கள். "நீ தண்ணி மாத்தியிருக்க மாட்டே" என்று என் மூத்த ஓரகத்தி கூடம் நிறைந்த உறவுக்காரர் முன்னால் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. 1610-ல் ராஜ உடையார் தசராவைத் தொடங்கியது எங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான். இங்கே நவராத்திரிக் கொலுவுக்கு யார் வரமாட்டார்கள்?

தண்ணீரைத் தினமும் மாற்றினேன். வெயில் ஏறுமுன் கூரான கத்தியால் காம்பைச் சாய்வாக வெட்டி, வெட்டிய கையோடு வாளித் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீரில் அமிழும் இலைகளை உருவிவிட்டேன். தோட்டம் வைத்திருக்கும் உங்களுக்கு இதெல்லாம் தெரிந்ததே. ரோஜாவை மொட்டு நெகிழும்போது வெட்டலாம். டாலியாவை மலர்ந்த பிறகே வெட்டவேண்டும், அதன் மொட்டு ஜாடியில் விரியாது.

கெடுத்தது வாழைப்பழம். நைவேத்தியத்துக்கு வந்த நஞ்சன்கூடு ரசபாளைச் சீப்புகளை, கனிந்து மணத்துக் கிடந்தவற்றை, ஜாடியை ஒட்டி அடுக்கியது நானல்ல. "அங்கே வேண்டாம் அக்கா" என்றேன். "பழத்துக்கும் பூவுக்கும் என்னடி பகை?" என்றார்.

பகைதான். பழுக்கும் பழம் எத்திலின் என்ற வாயுவை விடுகிறது. காயைக் கனிய வைப்பதும் அதுதான், பூவை முதுமையாக்கி இதழைக் கழலச் செய்வதும் அதுதான். வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கிறோமே, அந்தப் புகையில் இருப்பதும் எத்திலின். ராத்திரி கதவு ஜன்னலையும் சாத்தி, சாம்பிராணி வேறு போட்டார்கள். கொலுக்கூடம் வாழைத்தார் மூட்டமாகிவிட்டது.

என் பக்கம் சாட்சி அந்த ஜாடியிலேயே இருந்தது. ரோஜாவோடு ஒரே தண்ணீரில் நின்ற செவ்வந்திக்கு ஒன்றும் ஆகவில்லை. செவ்வந்தியை எத்திலின் அவ்வளவாகத் தொடாது. தண்ணீர் கெட்டிருந்தால் அதுவும்தானே தலை சாய்ந்திருக்கும்? இதை அன்று யாரும் கேட்கவில்லை.

சர்க்கரை மட்டும் போட்டால் போதும் என்றும் அக்கா சொன்னார். வெறும் சர்க்கரையில் கிருமிதான் கொழுக்கும். அது காம்பின் குழாயை அடைத்துவிடும். லிட்டருக்கு 1 மேசைக்கரண்டி சர்க்கரை போட்டால், 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் அரைத் தேக்கரண்டி பிளீச் திரவமும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஜாடியையும் சோப்புப் போட்டுத் தேயுங்கள், காம்பின் நுனியைக் கொஞ்சம் நறுக்குங்கள்.

உங்கள் வீட்டிலும் பூவும் பழமும் ஒரே இடத்தில் வைக்கச் சொல்லும் பெரியவர் ஒருவர் இருப்பார். மரியாதைக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். பூஜை முடிந்த கையோடு பழத்தைச் சமையலறைக்கு எடுத்துப் போய்விடுங்கள், உதிர்ந்த பூவையும் வாடிய இலையையும் உடனே பொறுக்கிவிடுங்கள். அவையும் எத்திலின் விடும். இப்போது எங்கள் கொலுவில் பூஜாடி கிழக்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம், வெயில் படாமல் காற்று மட்டும் படும் இடத்தில். அதை நகர்த்த யாரையும் நான் விடுவதில்லை, அக்காவையும்தான்.