அப்பப்பாவின் கால் ஏன் மெலிந்தது?

2004 டிசம்பர் 26இல் காரைதீவுக் கரையிலிருந்து வீடிழந்து இடம்பெயர்ந்தபோது நாற்பத்தைந்து வயதாயிருந்தவர்கள் இன்று அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். அன்று நெல்மூட்டையைத் தனியே தூக்கியவர், இன்று கதிரையிலிருந்து எழும்ப இரு கைகளையும் ஊன்றுகிறார். "வயசு போனால் அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான்.

நாற்பது வயதளவிலிருந்து எல்லோருக்கும் தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. அது அளவுமீறிப் பலமும் குன்றும்போது வைத்தியர்கள் அதனைச் சார்கோபீனியா என்பர். 1989இல் அமெரிக்கரான இர்வின் ரோசன்பேர்க் கிரேக்கச் சொற்களிலிருந்து அமைத்த பெயர் இது. ‘தசை வறுமை’ என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கும்.

வயல் கைவிட்டுப் போனால் குனிந்து நிமிரும் வேலையும் போய்விடுகிறது. காய்ச்சலென்று படுத்துவிட்டால் இன்னும் மோசம். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல சுகத்தோடிருந்த முதியவர்கள் பத்து நாட்கள் படுக்கையில் இருந்தபோது கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தார்கள்.

அடையாளங்களை வீட்டிலேயே கவனிக்கலாம். போத்தல் மூடியைத் திறக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிறாரா? தண்ணீர்க் குடத்தைப் பாதி வழியில் இறக்கி வைக்கிறாரா? கோயிலுக்குப் போகையில் பின்தங்குகிறாரா? இவ்வருடம் எத்தனை தடவை விழுந்தார்? கெண்டைக்காலின் பருத்த இடத்தைத் தையல் நாடாவால் அளந்து பாருங்கள். ஆசிய வைத்தியர் குழு 2019இல் வகுத்தபடி ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். (கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றும்.) பின்பு கைகளை மார்போடு கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து முறை எழும்பி இருக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால், கிளினிக்கில் சொல்லுங்கள்.

ஒரு பக்கக் கையோ காலோ திடீரெனச் சோர்ந்தால் அது வேறு, பாரிசவாதமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சில கிழமைகளில் உடல் மளமளவென்று மெலிந்தாலும் சீனி வியாதி, கசநோய் உண்டா என்று பார்க்க வேண்டும்.

இழந்த பலத்தை ஓரளவு மீட்க முடியும். 1990இல் பொஸ்ரனில் தொண்ணூறு வயதளவான முதியோர் எட்டு வாரம் பாரம் தூக்கிப் பழகியபோது அவர்களின் கால் பலம் இரு மடங்குக்கு மேல் கூடியது. நமக்குக் கதிரை போதும். காலையும் மாலையும் பத்துத் தடவை எழும்பி இருக்கட்டும். இலகுவானதும் கையில் தண்ணீர்ப் போத்தல் பிடிக்கட்டும்.

சாப்பாட்டில்தான் நாம் தவறு செய்கிறோம். மீனின் நடுத்துண்டு உழைப்பவருக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது; அம்மம்மா ஆணத்தோடு சமாளிக்கிறார். 50 கிலோ நிறையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் ஆறு கிராமளவே உண்டு. நெத்தலி, பயறு, கௌபி, தயிர் எல்லாம் சேர வேண்டும், அதுவும் மூன்று வேளைக்கும் பகிர்ந்து. சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் கூட்டக்கூடாது.